எஃப் கீயை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன்

ஸ்கெலட்டன் லைன்,
கோலார் தங்கவயல்.
12-11-2025, புதன் காலை.

அன்பு மகள் ஷில்பாவுக்கு அப்பா சம்பங்கி ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கே நான், வீடு, நீ வாங்கி வைத்த யுபிஎஸ் மூவரும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை உதய், குழந்தை மமதா மூவரும் சுகமாக இருக்க வேண்டும். மழை இரண்டு நாளாக இல்லை. முழங்கால் வலி இடது காலோடு நிற்கிறது, வலது காலுக்கு இன்னும் சேதி போகவில்லை. கவரைப் பிரித்ததும் உள்ளேயிருந்து கறுப்பாக ஒன்று விழுந்திருக்கும். பயப்படாதே, அது உன் கம்ப்யூட்டரின் எஃப் கீ. ஸ்பூன் காம்பால் நெம்பி எடுத்தேன், பக்கத்திலிருந்த ஜி கீயும் கொஞ்சம் ஆடுகிறது. ஏன் எடுத்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள், "அப்பா, ஒரு நிமிஷம், மீட்டிங்ல இருக்கேன், லைன்லயே இருங்க" என்பாய். நானும் இருப்பேன். முப்பத்தாறு வருஷம் சாம்பியன் ரீப்ஸ் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவனுக்கு, நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்கத்தான் தெரியும். இது முதலிலிருந்து இரண்டு தடவை சொல்லக்கூடிய விஷயம் இல்லை அம்மா. உன் பரிசோதனையை நான் கெடுத்துவிட்டேன். முப்பதாம் தேதி நீ உன் ஆராய்ச்சிக் கைடிடம் கொடுக்க வேண்டிய அத்தியாயத்தை, நீ நான்கு வருஷம் பட்ட பாட்டை, கை வைத்துக் கெடுத்தது நான். கம்ப்யூட்டர் கடை மனோகர் அல்ல, கரண்ட் அல்ல, அடுத்த வீட்டுப் பாப்பம்மாவும் அல்ல.

தப்பு எந்த வரியில் ஆரம்பித்தது என்று பார்க்க வேண்டுமானால் கணக்கை முதல் வரியிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும். ஆகவே நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே திருப்பி எழுதுகிறேன், பிழை இருந்தால் ஓரத்தில் குறித்துக்கொள். குறுக்கே முப்பது, நெடுக்கே முப்பது கட்டம் போட்ட ஒரு மைதானம். அதில் அறுபத்து நான்கு புள்ளிகள். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் அதன் நம்பர், காலடியில் அதன் கையிருப்பு எத்தனை தானிய மணி என்று இன்னொரு நம்பர். இடது கீழ் மூலையில் தானிய மணி விழும், புள்ளிகள் பொறுக்கும். ஒரு கட்டம் நடந்தால் ஒரு மணி செலவு, சும்மா நின்றால் ஒரு நாளுக்கு ஒரு மணி. பக்கத்தில் வந்தவனுக்குக் கொடுக்கலாம், கொடுக்காமல் இருக்கலாம், அவனிடம் இருப்பதைப் பிடுங்கவும் பிடுங்கலாம். யார் கொடுத்தார்கள், யார் பிடுங்கினார்கள் என்று நினைவு வைத்திருக்கும். சுற்றுமுற்றும் பார்த்து, நன்றாக இருப்பவன் எப்படி நடக்கிறானோ அப்படியே தானும் நடக்கக் கற்றுக்கொள்ளும். இருபது மணி சேர்ந்தால் இரண்டாகப் பிரியும், குட்டிக்குத் தாயின் குணம் கொஞ்சம் மாறுதலோடு வரும். கையிருப்பு பூஜ்யமானால் அணைந்துவிடும். இப்படிக் கண்ணும் மூக்கும் இல்லாத புள்ளிகளுக்குள் ஓர் ஊர்ப் பழக்கம் எப்படி முளைக்கிறது, எப்படி வளர்கிறது, எப்போது பட்டுப்போகிறது என்பதுதான் உன் ஆராய்ச்சி. ஆபீசில் இதுபோல் ஆயிரம் ஊர்கள் ஓடுகின்றன, கண்மூடித் திறப்பதற்குள் நூறு தலைமுறை போய்விடுகிறது, ஆனால் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை, ஓர் ஊராவது மெதுவாக ஓடி ஒரு மனிதர் பொறுமையாகப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும் என்றாய். அம்மாவின் முப்பதாம் நாள் முடிந்த அடுத்த வாரம் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, அவள் தையல் மிஷின் இருந்த மேஜைமேல் வைத்தாய். எட்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம், ஒரு ஷிஃப்டுக்கு ஓர் அடி என்று, என் கையெழுத்து வேகத்துக்கு அந்த உலகத்தையே மெதுவாக்கினாய். உன்னைப் பெற்ற பெருமையில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன். நீ வாசலில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாய், பார்க்கவில்லை.

ஒரே ஒரு விதி சொன்னாய். "அப்பா, பாருங்க, எழுதுங்க, கை மட்டும் வைக்காதீங்க. எஃப் கீ டெஸ்டிங்க்கு வச்சது. அமுக்குனா மூலையில இருபது மணி விழும். அத மறந்துடுங்க." மறந்துவிடு என்று சொல்லப்பட்டதை மறந்த மாணவனை என் சர்வீசில் நான் பார்த்ததில்லை.

ஆனாலும் ஐந்தரை மாதம் நான் கை வைக்கவில்லை. காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து என்று மூன்று ஷிஃப்டுக்கும் ரீடிங் எழுதினேன். அறுபத்து நான்கு நம்பரை நினைவு வைப்பது கஷ்டமாக இருந்ததால், ஒரு பலகையில் ஆணி அடித்து, அம்மாவின் டப்பாவிலிருந்த பொத்தான்களில் நம்பர் எழுதி மாட்டினேன். இது எங்கிருந்து வந்த பழக்கம் என்று உனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியாது, அவருக்கு ஓர் உதாரணத்தோடு சொல். என் அப்பா சுரங்கத்தில் இறங்கும்போது, தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை டைம் ஆபீஸ் பலகையில் மாட்டிவிட்டு இறங்குவார், ஏறி வந்ததும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். பலகையில் டோக்கன் தொங்கினால் அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். எனக்குப் பத்து வயதில் ஒரு நாள் கீழே பாறை வெடித்துச் சங்கு ஊதியது. ஊரே சுரங்கக் கேட்டில் நின்றது. முதல் லிஃப்ட் கேஜிலேயே அப்பா ஏறி வந்துவிட்டார், டோக்கனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார், நான் அவர் கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் இழுத்தேன். அவர் வரவில்லை. பலகையில் இன்னும் ஐந்து டோக்கன் தொங்கியது. தன் வீட்டு ஆள் வந்துவிட்டது என்று அன்றைக்கு ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு நாள் நின்றோம். ஐந்தில் மூன்று டோக்கனை எடுக்க ஆள் வரவே இல்லை. அது இருக்கட்டும், நான் சொல்ல வந்தது பொத்தான் கணக்கு. ஜூன் மாதம் புள்ளிகள் பிரிந்து பிரிந்து நூறைத் தாண்டியதில் அம்மாவின் டப்பா காலியாகி, என் இரண்டு சட்டைகள் இப்போது பின் ஊசியில் நிற்கின்றன.

பாப்பம்மா எப்படி உள்ளே வந்தார் என்றும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வீட்டுக்காரர், அம்மாவுக்கு முப்பது வருஷத் தோழி, அவர் வந்து எட்டிப் பார்ப்பதை நான் எப்படித் தடுப்பேன். வாசலில் நின்று, "இன்னா வாத்தியாரே, டிவில எறும்பு ஊருது?" என்றார். எறும்பு இல்லை, மனிதர்கள் மாதிரி என்றேன். "மனுசங்கன்னா ஒரு சண்ட இருக்கணுமே" என்றார். அந்த நேரம் பார்த்து நாற்பத்தொன்று பக்கத்திலிருந்த ஆளிடம் இரண்டு மணியைப் பிடுங்கியது. அவ்வளவுதான், பாப்பம்மா உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு தினமும் பகல் இரண்டு மணி ஷிஃப்டுக்கு ஆஜர். "இந்த நாப்பத்தொண்ணு கீதே, திருட்டு முண்டம். இதுக்குப் பொறந்த அறுபத்தொம்பது வேற எப்படி இருக்கும்? இதும் புத்தி அப்படியே வந்துகீது பாருங்க." பரம்பரைக் குணம் பற்றி நீ எனக்கு முக்கால் மணி நேரம் சொன்னதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். ஆனால் அதே நாற்பத்தொன்று ஆகஸ்டில் கையில் ஒன்றுமில்லாமல் அணையப் போனபோது, மூலையிலிருந்த இருபத்து மூன்று அதற்கு நான்கு மணி கொடுத்தது. பாப்பம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "இதுக்கு ஏன் குடுக்குது அது? அறிவு கீதா? நம்ம குணா மாதிரியே..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டு, முந்தானையால் மேஜையைத் துடைத்தார்.

இருபத்து மூன்றுக்கு நான் குணசுந்தரி என்று அம்மாவின் பெயரை வைத்ததாக மனோகர் உன்னிடம் போனில் சொன்னானாம். அது சுத்தப் பொய். நான் யாருக்கும் பெயர் வைக்கவில்லை. பார்க்கிறவன் பெயர் வைத்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. இருபத்து மூன்று அந்த மூலையை விட்டு நகராது, வந்தவர் யாராக இருந்தாலும் முதலில் கொடுக்கும், எல்லாரும் போன பிறகு மிச்சம் இருந்தால் தன் கையிருப்பைப் பார்த்துக்கொள்ளும். இவ்வளவுதான் நான் நோட்டில் எழுதியது. காஸ் சிலிண்டர் கொண்டு வருபவரையும் மீட்டர் பார்க்க வருபவரையும் உட்காரவைத்துச் சோறு போட்டுவிட்டுச் சட்டியைச் சுரண்டிச் சாப்பிடுகிற ஒருத்தியைப் பற்றி நான் நோட்டில் ஒரு வரியும் எழுதவில்லை, நீயே பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் ஏழாம் தேதி மூலையில் மணி விழவில்லை. இரண்டாம் ஷிஃப்டிலும் விழவில்லை. கோளாறு என்று நினைத்து, ஆண்டர்சன்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மனோகரைக் கூப்பிட்டேன், என்னிடம் படித்தவன், கூப்பிட்டதும் வந்தான். எதையெதையோ திறந்து பார்த்துவிட்டு, "சார், இது ஃபால்ட் இல்ல. அக்காவே எழுதி வச்சிருக்காங்க. அக்டோபர் ஏழு, மணி நிறுத்தம். அதோட வலது மேல் மூலையில புதுசா விழ ஆரம்பிக்குது, ஆனா ரொம்பத் தூரம்" என்றான். சுரங்கத்தை மூடி நோட்டீஸ் ஒட்டிய நாளைப் பார்த்தவர் பாப்பம்மா, அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"மூடிட்டாங்களா? இதையுமா?"

"ஆமா பாப்பம்மா ஆன்ட்டி."

"நோட்டீஸ் ஒட்னாங்களா?"

"இல்ல, இது வந்து..."

"அப்ப அதுங்களுக்கு எப்படித் தெரியும்? வாத்தியாரே, சும்மா நிக்குது பாருங்க. நாளைக்கு விழும்னு நெனச்சுக்குனு நிக்குது."

உனக்கு உடனே போன் செய்தேன். "அப்பா, என்ன நடக்குதோ அத எழுதுங்க. அதான் சாப்டரே. நீங்க முன்னாடியே தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதான் சொல்லல" என்றாய். நீ சொன்னது சரி. மாணவனுக்குக் கேள்வித்தாளை முந்தின நாளே காட்டக்கூடாது. எழுதினேன். நான்கு நாள் எல்லாரும் காலி மூலையைச் சுற்றி நின்றார்கள். கையிருப்பு இருந்தவர்கள் இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள், உன் அட்டவணையில் பகிர்வு என்ற கட்டத்தில் அதுவரை இல்லாத பெரிய எண் வந்தது அந்த நான்கு நாளில்தான். பிறகு ஒன்று வலது பக்கம் கிளம்பியது. அதைப் பார்த்து இன்னொன்று. அப்புறம் சாரி சாரியாக. "பெங்களூர் வண்டிக்குப் போறாப்ல போவுது" என்றார் பாப்பம்மா. வழியில் நாற்பத்தேழு பேர் அணைந்தார்கள். நாற்பத்தேழு பொத்தானையும் நான்தான் கழற்றினேன். இருபத்து மூன்று போகவில்லை. போகிறவர்களுக்கு வழிக்கு ஒன்று, வழிக்கு ஒன்று என்று கொடுத்துக்கொண்டே நின்றது. அதன் காலடியில் இருந்த எண் பதினாறிலிருந்து தினம் தினம் இறங்கி, இருபதாம் தேதி ஒன்று ஆயிற்று.

இருபதாம் தேதி தீபாவளி, ஷில்பா.

நீங்கள் முந்தின நாள் வந்து, வரச்சொல்லி வற்புறுத்தி, நான் மறுத்து, பலகாரப் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தீர்கள். எங்கள் லைன் வீடுகளில் பாதி பூட்டு. காலையில் எண்ணெய் தேய்க்க ஆளில்லாமல் நானே தேய்த்துக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், அந்த ஒன்று. என் வாயில் மைசூர்பாக். பண்டிகையும் அதுவுமாக ஒரே ஒரு தடவை, என்று எஃப் கீயை அமுக்கினேன். இருபது மணி பொலபொலவென்று விழுந்தது. இருபத்து மூன்றின் எண் ஏறியது. எனக்கு ஏழு மாதத்தில் அன்றைக்குத்தான் தொண்டையில் சாப்பாடு இறங்கியது. அடுத்த ஷிஃப்டிலும் அமுக்கினேன். பத்தொன்பது நாள், மூன்று ஷிஃப்டும், மொத்தம் ஐம்பத்தேழு தடவை. நோட்டில் எதையும் அழிக்கவில்லை. தப்பாகப் போட்ட கணக்கை அழிக்காதே, பக்கத்தில் சரியாகப் போடு என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். ஐம்பத்தேழு இடத்திலும் சிவப்பு மையில் 'கை வைத்தது பார்வையாளர்' என்று எழுதியிருக்கிறேன்.

மணி விழுகிறது என்று தெரிந்ததும் போனவர்கள் திரும்பி வந்தார்கள். பாப்பம்மா கை தட்டினார். "பாத்தீங்களா, வந்துட்டாங்க, நம்ம ஆளுங்க வந்துட்டாங்க!" நானும் தட்டினேன். ஏதோ நானே சுரங்கத்தைத் திறந்துவிட்டமாதிரி இருந்தது. ஒரு வாரம் அந்தச் சந்தோஷம். பிறகு பகிர்வுக் கட்டத்தைப் பார்க்கிறேன், இருபத்தெட்டு, பத்தொன்பது, ஏழு, இரண்டு, பூஜ்யம். யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. பிடுங்கவும் இல்லை, அதற்கும் எழுந்திருக்க வேண்டுமே. மணி விழுகிற கட்டங்களில் நெருக்கியடித்துக்கொண்டு, நகராமல், மேலே பார்த்த முகமாக நின்றார்கள். முகம் கிடையாது என்று எனக்குத் தெரியும். அப்படி நிற்கிறவன்தான் நன்றாக இருக்கிறான், ஆகவே பார்த்தவர்கள் எல்லாம் அதையே கற்றுக்கொண்டார்கள். உன் விதிப்படி ஒரு பிசகும் இல்லை. எல்லாம் சரியாகத்தான் நடந்தது, மேலேயிருந்து போட்ட கை ஒன்றைத் தவிர.

நவம்பர் எட்டாம் தேதி, சனிக்கிழமை. எட்டாம் நம்பர் என்று ஒன்று, ஏப்ரலில் இருந்த முதல் அறுபத்து நான்கில் ஒன்று, கடைசி ஆளாகத் திரும்பி வந்து சேர்ந்தது. கையிருப்பு ஒன்று. மணி விழும் கட்டங்களில் இடமில்லை. நேராக இருபத்து மூன்றின் பக்கத்தில் போய் நின்றது. ஆறு மாதமாக எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். இருபத்து மூன்றிடம் அப்போது பதினொன்று இருந்தது. காலை ரீடிங், கொடுக்கவில்லை. சரி, இரண்டு மணிக்குக் கொடுக்கும் என்று பார்த்தோம். இரண்டு மணிக்கும் கொடுக்கவில்லை. பாப்பம்மா ஸ்கிரீனைப் பார்த்து, "அடியே, குடுடி. பக்கத்துலதான் நிக்குது. குடேண்டி" என்றார். அவர் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்பதை நான் எழுதவில்லை. அடுத்த ரீடிங்கில் எட்டு இல்லை. இருபத்து மூன்றிடம் பதினொன்று அப்படியே இருந்தது.

கொடுப்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்திருந்தது. அதை நான் மறக்கடித்துவிட்டேன். அதைக் காப்பாற்றுகிறேன் என்று உட்கார்ந்து, ஐம்பத்தேழு தடவை அமுக்கி. எட்டின் பொத்தானைக் கழற்றும்போதுதான் ஸ்பூனை எடுத்து எஃப் கீயை நெம்பினேன்.

இதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதே, எனக்கு உதாரணம் சொல்லாமல் இருக்க முடியாது. அம்மா போன பிறகு ஒரு மாதம் இந்த வீட்டில் உலை வைக்கவில்லை. லைனில் எந்த வீட்டிலிருந்தாவது கிண்ணம் வந்துகொண்டே இருந்தது. கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை அல்லவா, நானும் கழுவி, இரண்டு பச்சை மிளகாயோ ஒரு பிடி உப்போ போட்டு எடுத்துக்கொண்டு போவேன், போன இடத்தில் கால் மணி நேரம் உட்காருவேன். நீ என் நன்மைக்காக ராபர்ட்சன்பேட்டை மெஸ்ஸில் சொல்லி, இரண்டு வேளையும் கேரியர் ஏற்பாடு செய்தாய். முதல் நாள் கேரியர் வந்த நேரம் பாப்பம்மா கருவாட்டுக் குழம்புக் கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "ஓ, கேரியரு வந்துடுச்சா. பொண்ணு ஏற்பாடு பண்ணிக்கீதா. நல்லதாப் போச்சி" என்று மூடியைத் திறக்காமலே திரும்பிவிட்டார். அதோடு கிண்ணங்கள் நின்றன. நானும் யார் வீட்டிலும் போய் உட்காரவில்லை. கேரியரை யாரும் நிரப்பித் திருப்பி அனுப்புவதில்லை. சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது, உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி. ஏழு மாதமாக மணி தவறாமல் விழுகிறது, நானும் நின்ற இடத்தில் நிற்கிறேன். எட்டாம் நம்பரைப் பார்த்த பிறகுதான் இது எனக்கே உறைத்தது. நீயும் உன் அப்பனைப் போலத்தான் அம்மா. ஒன்று கண்ணெதிரே இறங்கிக்கொண்டே போனால் உனக்கும் பார்த்துக்கொண்டிருக்கத் தெரியாது.

இப்போது முடிவைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் ரீடிங் எழுதவில்லை, ஸ்கிரீன் பக்கமே திரும்பவில்லை. எழுதத் தகுதி போய்விட்டது. உன் கைடிடம் உள்ளதை உள்ளபடி சொல், பார்வையாளர் ஒரு முட்டாள் கிழவர் என்று சேர்த்துக்கொள், நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இன்று பகல் இரண்டு மணிக்குக் கடைசியாக ஒரு ரீடிங் எழுதிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவேன். பலகையிலிருக்கும் பொத்தான்களையெல்லாம் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவேன். நோட்டை இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். அங்கேயே வந்து இருக்கச் சொல்லி மார்ச் மாதத்திலிருந்து நீயும் மாப்பிள்ளையும் கேட்டுக்கொண்டிருந்ததற்குச் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை வண்டி அனுப்பு, வந்துவிடுகிறேன். இரண்டு பெட்டிதான் சாமான். வீட்டுச் சாவியைப் பாப்பம்மாவிடம் கொடுத்துவிடலாம். இந்த மூலையில் இனி எனக்கு வேலை எதுவுமில்லை. எங்கே மணி விழுகிறதோ அங்கே போவதுதான் முறை, நானே நோட்டில் நூறு தடவை எழுதியிருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் மரியாதையைச் சொல். மமதாவை வாய்ப்பாடு பன்னிரண்டு வரை சொல்லச் சொல், பதின்மூன்றை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். என்னை மன்னிக்க முடிந்தால் மன்னி, முடியாவிட்டால் முப்பதாம் தேதிக்குப் பிறகு முயற்சி செய். உன் ஆராய்ச்சி தழைக்க வேண்டும், உன் கையால் ஆன எதுவும் என் கையால் ஆனது போல் ஆகாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அப்பா,
சம்பங்கி

பின்குறிப்பு: மணி இரண்டே முக்கால். நோட்டு இந்தக் கவரோடு வரவில்லை, தேடாதே. கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. பாப்பம்மா வந்து உட்கார்ந்த பிறகு இரண்டு மணிக்குக் கடைசி ரீடிங் எழுதப் போனேன். நான் அமுக்குவதை நிறுத்திய இந்த நான்கு நாளில் எல்லாரும் மறுபடி வலது மூலைக்கு நடக்க ஆரம்பித்திருக்கிறார்கள். இருபத்து மூன்று மட்டும் அதே இடத்தில், கையிருப்பு ஐந்து. பதினொன்றிலிருந்து நான்கு போனால் ஏழு இருக்க வேண்டும் என்று நோட்டில் கழித்துப் பார்த்தேன், இரண்டு குறைகிறது. வழிக்கென்று யாருக்கோ கொடுத்திருக்கிறது ஷில்பா. யாருக்கு என்று தெரியவில்லை, நான்தான் பார்க்காமல் இருந்தேனே.

இன்னொன்று. ஒரே ஒரு புள்ளி கூட்டத்துக்கு எதிராக, இடது பக்கம் வந்துகொண்டிருக்கிறது. நடந்துவந்த வழியென்று நீ பின்னால் மங்கலாகக் காட்டும் மூன்று கட்ட வாலை வைத்துப் பார்த்தாலும் நேராக மூலைக்குத்தான் வருகிறது. நம்பரைப் பார்த்துப் பாப்பம்மா எழுந்தே நின்றுவிட்டார். "ஐய, நாப்பத்தொண்ணா? அந்தத் திருட்டுப் பயலா?" நூற்றுக்கு மூன்று தடவை வழி தவறி நடக்கும்படி நீயே விதி வைத்திருக்கிறாய், அது தற்செயல் என்பாய். தொடர்ந்து மூன்று அடி ஒரே பக்கமாக வழி தவறுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று நானும் போட்டுப் பார்த்தேன், போட்டுவிட்டு அழித்துவிட்டேன். என் சர்வீசில் நான் அழித்த முதல் கணக்கு.

மூலைக்கு இன்னும் பதினான்கு கட்டம். அதன் கையில் ஒன்பது மணி. ஐந்து குறைகிறது, எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். வழியில் மூன்று பேர் எதிரே வருகிறார்கள், அவர்களில் யாராவது கொடுத்தால் உண்டு. பழகிப்போனதை விட்டுக் கொடுப்பார்களா என்று தெரியாது. எஃப் கீ உன் கவரில் இருக்கிறது, நான் அமுக்க மாட்டேன். கீ இல்லாவிட்டாலும் அடியிலிருக்கும் ரப்பரை அமுக்கினால் வேலை செய்யும் என்று மனோகர் சொன்னான், அவனை ஏன் கேட்டேன் என்று கேட்காதே. அதன் மேலும் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன்.

ஷிஃப்டுக்கு ஒரு கட்டம் என்றால் திங்கட்கிழமை ஆகிவிடும். ஆகவே ஞாயிறு வண்டி அனுப்பாதே. அதற்கடுத்த ஞாயிறும் எதற்கும் என்னைக் கேட்டுக்கொண்டு அனுப்பு. மெஸ்ஸுக்குப் போன் செய்து நாளை முதல் கேரியர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பாப்பம்மா, இருந்து பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார், ஒரு குழம்புச் சட்டியும் இரண்டு தட்டுமாகத் திரும்பி வந்திருக்கிறார்.

இருபத்து மூன்றின் பொத்தான் அம்மாவின் நீல ரவிக்கையிலிருந்து எடுத்தது. மனோகர் சொன்னது பொய்யில்லை. அதுவும் பலகையில் தொங்குகிறது, நாற்பத்தொன்றும் தொங்குகிறது, நான் எப்படி எழுந்து வருவேன். கேட்டில் ஆள் நிற்பது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது என்பாய். தெரியும் என்று நினைத்தா அன்றைக்கு நின்றோம்.